இரண்டு கிளப் கூப்பிட்டால் எதற்குப் போவது? கால்பந்து ஹெட் கோச் வேலைகளை ஒப்பிட முழுமையான வழிகாட்டி

காட்பாடி ஸ்டேஷனிலிருந்து கிழக்கே போனால் சென்னையின் எஃப்.சி., மேற்கே போனால் பெங்களூரு எஃப்.சி. இரவு மங்களூர் மெயிலில் ஏறினால் காலையில் கோழிக்கோடு, கோகுலம் கேரளா கிளப்பின் ஊர். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஸ்கூல் டீமையும் காலேஜ் டீமையும் பார்த்துக்கொண்டே லைசென்ஸ் கோர்ஸ்களை ஒவ்வொன்றாக முடித்துவரும் கோச்சுகளுக்கு இப்படி எல்லாப் பக்கமும் வழி இருக்கிறது. ஆனால் போன் வந்ததும் பலரும் கேட்பது இரண்டே கேள்வி: எந்த கிளப், எவ்வளவு சம்பளம். அந்த இரண்டையும் கேட்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இந்த இடம் ஏன் காலியானது, சம்பளம் தேதிக்கு வருமா, டீமை யார் தேர்ந்தெடுப்பார்கள், எத்தனை மாதம் விட்டுவைப்பார்கள். இவற்றைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் லைசென்ஸ்

நாட்டின் முதல் நிலை லீக்கான ஐ.எஸ்.எல். கிளப்பின் ஹெட் கோச்சுக்கு, ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பின் ஏ.எஃப்.சி. ப்ரோ லைசென்ஸ் வேண்டும். அதற்கு அடுத்தடுத்த நிலைகளான ஐ-லீக், ஐ-லீக் 2, ஐ-லீக் 3, அத்தோடு பெண்கள் லீக் ஆகியவற்றுக்கு அந்தந்த சீசனின் விதிமுறைப் புத்தகத்தில் குறைந்தபட்ச லைசென்ஸ் என்னவென்று இருக்கும். போன வருஷத்துப் புத்தகத்தை நம்பாதீர்கள். உங்கள் லைசென்ஸின் காலாவதித் தேதியையும் பாருங்கள். சீசன் நடுவில் முடிகிறது என்றால் புதுப்பிக்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள்.

ஒரு ஆபத்து இங்கேயே இருக்கிறது. சில இடங்களில் விதிமுறைக்காக மட்டும் லைசென்ஸ் உள்ள ஒருவரைத் தேடுவார்கள். காகிதத்தில் நீங்கள் ஹெட் கோச், டீமை நடத்துவது 'டெக்னிக்கல் டைரக்டர்' என்ற பெயரில் இன்னொருவர். தோற்றால் உங்கள் பெயர்தான் அடிபடும். முதல் போனிலேயே "டீம் ஷீட்டில் கையெழுத்து யாருடையது, பதினொரு பேரை முடிவு செய்வது யார்?" என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே பெயர் பதிலாக வராவிட்டால் அந்த வேலையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது

பழைய கோச் பெரிய இடத்துக்குப் போனதால் காலியான வேலைதான் இருப்பதிலேயே நல்லது. ஒப்பந்தம் முடிந்து இரு தரப்பும் சுமுகமாகப் பிரிந்திருந்தால் பரவாயில்லை. தோல்வியால் நீக்கியிருந்தால் கவனமாக ஆராய வேண்டும். சம்பளப் பாக்கியால் அவரே விலகியிருந்தால் விலகி நில்லுங்கள். இரண்டு சீசனில் மூன்று கோச் மாறியிருக்கிறார்கள் என்றால் கோளாறு கோச்சுகளிடம் இல்லை, மேலே இருக்கிறது.

உண்மையை யாரிடம் கேட்பது? பழைய ஹெட் கோச் ஒப்பந்த ரகசியம் காரணமாகப் பேசாமல் இருக்கலாம், கோபத்தில் கூட்டியும் சொல்லலாம். கோல்கீப்பர் கோச், பிசியோ, கிட் பார்க்கிறவர் ஆகிய மூவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, வெளியூர் மேட்சுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தீர்கள், ஓனர் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வருவாரா என்று கேட்டால் போதும். மூவரும் ஒரே தேதியைச் சொன்னால் நம்பலாம்.

தோல்வியால் காலியான இடத்தை மட்டும் பாயிண்ட் டேபிளை வைத்து எடை போடக் கூடாது. சென்னையின் எஃப்.சி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-20 சீசனில் முதல் நான்கு மேட்சில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோச் ஜான் கிரிகரி விலகினார், டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். டேபிளில் கீழே கிடந்த டீம் இறுதிப் போட்டி வரை போய் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. அந்த சீசனில் 15 கோல் அடித்து கோல்டன் பூட் விருது வாங்கிய ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ், கோய்ல் வருவதற்கு முன்பே டீமில் இருந்தவர். ஆள் இருந்தது, முடிக்கும் வழிதான் இல்லை. அப்படிப்பட்ட காலியிடம் கோச்சுக்குக் கிடைக்கும் அதிர்ஷ்டம்.

அதைக் கண்டுபிடிக்க டீமின் கடைசி ஐந்து மேட்ச் வீடியோவை முழுதாகப் பாருங்கள், ஹைலைட்ஸ் போதாது. ஒரு தாளில் நான்கு எண்ணிக்கை எழுதுங்கள்: பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து நாம் அடித்த ஷாட், எதிரணி அடித்த ஷாட், செட் பீஸில் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றில்) வாங்கிய கோல், 70-ஆவது நிமிடத்துக்குப் பிறகு வாங்கிய கோல். முதல் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தும் டீம் தோற்கிறது என்றால் சரிசெய்ய முடியும். செட் பீஸ் கோலை மூன்று வாரப் பயிற்சியில் பாதியாகக் குறைக்க முயலலாம். கடைசி 20 நிமிடத்தில் சரிகிற டீமுக்கு உடல் தகுதி இல்லை. அதை சீசன் நடுவில் ஏற்ற முடியாது, ஏற்றப் போனால் தசைநார்க் காயம்தான் மிஞ்சும். எதிரணி பாக்ஸுக்குள் நம்மைவிட இரண்டு மடங்கு ஷாட் அடிக்கிறது என்றால் ஆளே போதவில்லை. அங்கே புது வீரர்களை எடுக்க ஜனவரி டிரான்ஸ்ஃபர் விண்டோவும் கையில் காசும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பணம்: தொகையை விடத் தேதி முக்கியம்

மாதச் சம்பளத்தை மாதச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒரு கிளப் மாதம் 1,50,000 ரூபாய் என்று எட்டு மாத சீசனுக்கு மட்டும் தருகிறது, இன்னொன்று 1,10,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதமும் தருகிறது என்று வையுங்கள். முதலாவது ஆண்டுக்கு 12 லட்சம், இரண்டாவது 13,20,000. கேட்கும்போது பெரிதாக ஒலித்தது கணக்கில் சிறியது. வீடு, உணவு, ஊருக்குப் போய்வரும் டிக்கெட் ஆகியவற்றை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வேலூரில் குடும்பத்துக்கு ஒரு வாடகை, அங்கே உங்களுக்கு ஒரு வாடகை என்றால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு லட்சம் சத்தமில்லாமல் போய்விடும்.

பல கிளப்புகள் கோச்சை ஊழியராக எடுக்காமல் ஆலோசகராகக் காட்டி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துத் தருவார்கள். பி.எஃப். இருக்காது, மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் இருக்காது. அதனால் அது மோசமான வேலை என்று அர்த்தமில்லை. காப்பீட்டு பிரீமியத்தை நீங்களே கட்டப் போகிறீர்கள் என்பதைத் தொகையில் கழித்துப் பாருங்கள்.

கோப்பையைப் பார்த்து கிளப்பின் கஜானாவை எடை போட முடியாது. ஹைதராபாத் எஃப்.சி. 2021-22-ல் ஐ.எஸ்.எல். சாம்பியன். 2023-24-ல் சம்பளப் பாக்கி, புதிய வீரர்களைப் பதிவு செய்ய உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தடை, டேபிளில் கடைசி இடம். சென்னை சிட்டி எஃப்.சி. கோவையில் ஆடி 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. சில ஆண்டுகளில் தேசிய லீகிலேயே அந்தப் பெயர் இல்லாமல் போனது. ஆகவே கிளப்பின் மேல் பதிவுத் தடை இருக்கிறதா என்று பாருங்கள், ஃபிஃபா அந்தப் பட்டியலை வெளியிடுகிறது. ஜெர்சியில் இருக்கும் ஸ்பான்சர் இந்த சீசனுக்குக் கையெழுத்திட்டுவிட்டாரா, பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

லீக்கே தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதும் இப்போது கேட்டே தீர வேண்டிய கேள்வி. இந்தியக் கால்பந்து சம்மேளனமான ஏ.ஐ.எஃப்.எஃப்.க்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்ததால், அந்த ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்திவைத்தன. நல்ல கிளப், நல்ல ஓனர் என்றாலும் இது நேரும். லீக் தாமதமானால் எத்தனை சதவீதம் சம்பளம், எத்தனை மாதம் வரை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

வீரர் பட்டியலை ஒரு தாளில் விரித்துப் பாருங்கள்

கிளப்பிடம் வீரர் பட்டியல் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். வந்ததும் ஒவ்வொருவருக்கும் வயது, இடம், ஒப்பந்தம் முடியும் மாதம், போன சீசனில் ஆடிய நிமிடங்கள் என்று நான்கு கட்டம் போடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது நட்டநடுக் கோடு: கோல்கீப்பர், இரண்டு சென்டர் பேக், ஒரு ஹோல்டிங் மிட்ஃபீல்டர், ஒரு ஸ்ட்ரைக்கர். இந்த ஐவரில் மூன்று பேருக்காவது அடுத்த சீசன் வரை ஒப்பந்தம் இருந்தால் அது வீடு. இல்லையென்றால் நீங்கள் வாங்குவது வெறும் மனை. மனையும் நல்லதுதான், கட்டப் பணமும் நேரமும் கொடுத்தால். அடுத்து, 30 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் என்றால் நீங்கள் வந்த வருஷமே சரிவு தொடங்கும், பழி உங்கள் மேல் விழும். கடைசியாக வெளிநாட்டு வீரர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தது பழைய கோச்சா, ஏஜென்டா, ஓனரின் நண்பரா? ஏஜென்ட் என்றால் அடுத்த வருஷமும் அவரேதான் தேர்ந்தெடுப்பார்.

அதிகாரம்

ஒரே கோச், இரண்டு கிளப், இரண்டு முடிவு. காலித் ஜமீல் மும்பை எஃப்.சி.யில் ஏழு ஆண்டு இருந்துவிட்டு 2016-17-ல் மிசோரத்தின் ஐஸ்வால் கிளப்புக்குப் போனார். முந்தைய சீசனில் தரமிறக்கப்பட்டுப் பிறகு மறுபடி சேர்க்கப்பட்ட டீம் அது. மும்பையில் தன்னிடம் ஆடிய ஜயேஷ் ரானே, அஷுதோஷ் மேத்தாவை அங்கேயும் வைத்துக்கொள்ள முடிந்தது. ஐ-லீக் பட்டம் வந்தது. அடுத்த சீசன் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால்: பல மடங்கு பெரிய கிளப், பல மடங்கு ரசிகர்கள், ஒவ்வொரு டிராவும் தோல்வியாக எண்ணப்படும் இடம். நான்காவது இடத்தில் முடித்தார்கள், அவர் வேலை போனது. ஐஸ்வாலில் நான்காவது இடம் வந்திருந்தால் அந்த ஊரே கொண்டாடியிருக்கும். எதிர்பார்ப்புக்கும் வசதிக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிதான் கோச்சின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நேர்காணலில் "இந்த சீசன் எத்தனையாவது இடம் வந்தால் உங்களுக்குத் திருப்தி?" என்று ஓனரிடமும் மேனேஜரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் நான்கு என்றும் மற்றவர் முதல் இடம் என்றும் சொன்னால், சண்டை அவர்களுக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

உதவி கோச், கோல்கீப்பர் கோச், பிசியோ ஆகிய மூவரில் ஒருவரையாவது நீங்கள் கூட்டிப்போக முடிய வேண்டும். யாரையும் விடமாட்டோம் என்றால் முதல் மூன்று தோல்வியில் நீங்கள் தனி ஆள்.

கிரவுண்டை நின்று பாருங்கள்

வீடியோ காலில் காட்டுவது மெயின் ஸ்டேடியத்தை. நீங்கள் பார்க்க வேண்டியது தினமும் பயிற்சி நடக்கும் இடத்தை, அதுவும் பயிற்சி நடக்கும் நேரத்தில். ஐஸ்வால், ஸ்ரீநகர் போன்ற ஊர்களில் செயற்கைப் புல்தரை. அங்கே ஒரு சின்ன சோதனை செய்யலாம். கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பி 2.44 மீட்டர் உயரம். அதிலிருந்து ஒன்றரை அடி கீழே பந்தைப் பிடித்து, தள்ளாமல் விடுங்கள். ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து 60 சென்டிமீட்டருக்கும் 1 மீட்டருக்கும் இடையே எழும்ப வேண்டும் என்பது ஃபிஃபா அளவு. முட்டிக்கு மேல், இடுப்புக்குக் கீழ் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். பெனால்டி புள்ளி, கோல் வாய், கார்னர், நடுவட்டம் என நான்கு இடத்தில் விட்டுப் பாருங்கள். கோல் வாயில் மட்டும் பந்து இடுப்பைத் தாண்டி எழும்பினால் அடியில் இருக்கும் ரப்பர் துகள் தேய்ந்து போய்விட்டது. உட்கார்ந்து புல்லை விரலால் நிமிர்த்துங்கள். நிமிராமல் படுத்தே கிடந்தால், துண்டுகள் சேரும் தையலில் விரல் நுழைந்தால், முழங்கால் காயத்தை எதிர்பார்க்கலாம்.

மண்ணிலும் இயற்கைப் புல்லிலும் பழகிய வேலூர்ப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால், செயற்கைத் தரையில் முதல் மூன்று வாரம் பயிற்சி நேரத்தைக் கால்வாசி குறைத்துத் தொடங்குங்கள். வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மே மாதம் காட்பாடியில் ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிக்கத் தெரிந்தவர்களுக்கு எந்த ஊர் வெயிலும் புதிதில்லை. புதிது, ஸ்ரீநகர்க் குளிரும் கோழிக்கோட்டு மழையும்தான். மழைக்காலத்தில் மாற்று கிரவுண்டு எது என்று கேட்டு, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மதிப்பெண் போடும் முறை

எல்லாத் தகவலும் வந்த பிறகு நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் போடுங்கள். நாங்கள் பரிந்துரைக்கும் பங்கீடு: சம்பளம் தேதிக்கு வரும் நம்பிக்கை 25, அதிகாரம் 20, வீரர்கள் 20, கொடுக்கப்படும் கால அவகாசம் 15, கிரவுண்டும் ஊழியர்களும் 10, குடும்பமும் தூரமும் 5, கிளப்பின் பெயர் 5. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி கொடுத்து, பங்கால் பெருக்கி, ஐந்தால் வகுங்கள்.

கற்பனையாக மூன்று வேலை. முதலாவது, சீசன் நடுவில் கூப்பிடும் பெரிய பெயருள்ள ஐ-லீக் கிளப். மேலே சொன்ன வரிசையில் புள்ளிகள் 3, 1, 3, 1, 4, 2, 5 என்று வருகின்றன. மொத்தம் 49. இரண்டாவது, சீசனுக்கு மூன்று மாதம் முன்பே கூப்பிடும் சின்ன ஐ-லீக் 2 கிளப்: 4, 4, 3, 4, 2, 3, 2. மொத்தம் 69. மூன்றாவது, பெண்கள் லீக் கிளப்: 4, 5, 4, 2, 3, 1, 3. மொத்தம் 72.

இரண்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்திலோ அதிகாரத்திலோ 2-க்குக் கீழே வந்தால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் அது வேண்டாம். முதல் கிளப் அங்கேயே விழுந்துவிட்டது. 5 மதிப்பெண்ணுக்குள் வித்தியாசம் என்றால் இரண்டும் சமம். அப்போது மறுபடி கூட்டிக்கொண்டிருக்காமல், மூன்றாவது கிளப்பிடம் "ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷ ஒப்பந்தம் தர முடியுமா?" என்று கேளுங்கள். பதில் எதுவோ அதுவே முடிவு.

பெயருக்கு ஏன் ஐந்தே மதிப்பெண் என்று கேட்கலாம். 2025-ல் இந்திய அணி ஹெட் கோச் பதவிக்கு 170 பேர் விண்ணப்பித்தார்கள், கடைசியில் பதவி காலித் ஜமீலுக்கு வந்தது. அந்தப் பயணத்தை உயர்த்தியது ஐஸ்வால். பெண்கள் லீக்கைச் சின்னதாக நினைப்பவர்களும் கோச் ஆந்தனி ஆண்ட்ரூஸைப் பாருங்கள். கோகுலம் கேரளாவோடு 2022-23-லும் ஈஸ்ட் பெங்காலோடு 2024-25-லும் தேசியப் பட்டம் வென்றார். மதுரையின் சேது எஃப்.சி. 2018-19-ல் அதே பட்டத்தை வென்ற டீம். நம் மாநிலத்திலேயே வழி இருக்கிறது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய வரிகள்

கோச்சுகளின் வேலை ஒப்பந்தத்துக்கென்று ஃபிஃபா தனி விதிகளை 2021 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் குறைந்தது 15 நாள் அவகாசம் தந்த பிறகு, தகுந்த காரணத்தோடு விலகலாம் என்கிறது அது. ஃபிஃபாவின் நடுவர் அமைப்பு வெளிநாட்டுத் தொடர்புள்ள வழக்குகளைத்தான் எடுக்கும். இந்திய கோச், இந்திய கிளப் என்றால் ஏ.ஐ.எஃப்.எஃப். அமைப்புக்குத்தான் போக வேண்டும். ஆகவே இந்த இரண்டு மாதம், 15 நாள் என்ற வரியை உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நோட்டீஸை இமெயிலில் அனுப்புங்கள், வாட்ஸாப் மட்டும் போதாது.

நீக்கினால் எவ்வளவு என்பதும் எண்ணாக இருக்க வேண்டும். இந்திய அணியின் கோச் இகோர் ஸ்டிமாச்சின் ஒப்பந்தம் 2026 வரை இருந்தது, 2024 ஜூனில் நீக்கப்பட்டார். வாக்குவாதத்துக்குப் பிறகு 4 லட்சம் டாலரில் தீர்த்தார்கள். அவர் கையில் மீதிக் காலம் எழுதப்பட்டிருந்ததால்தான் பேச இடம் இருந்தது. 'செயல்பாடு திருப்தியில்லை என்றால் நீக்கலாம்' என்ற வரியை அப்படியே ஏற்காதீர்கள். தொடர்ந்து இத்தனை தோல்வி, அல்லது இந்தத் தேதியில் இத்தனையாவது இடத்துக்குக் கீழே என்று அளக்கக்கூடியதாக மாற்றச் சொல்லுங்கள்.

பாதியைக் காகிதத்தில் காட்டி மீதியைக் கையில் தருவதாகச் சொன்னால், காகிதத்தில் இருப்பதுதான் உங்கள் சம்பளம். பிரச்சினை வந்தால் பதிவான ஒப்பந்தத்தை மட்டுமே பார்ப்பார்கள். அடுத்த லைசென்ஸ் கோர்ஸுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்ற வரியைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஏ லைசென்ஸோ ப்ரோ லைசென்ஸோ பல கட்டமாக நடக்கும், தேதிகள் மேட்சோடு மோதும். முன்கூட்டியே எழுதாவிட்டால் அந்த வருஷம் கோர்ஸ் போய்விடும்.

கையெழுத்துக்கு முன்

வேண்டாம் என்று முடிவெடுத்த கிளப்புக்கு இரண்டு நாளுக்குள் போன் செய்து சொல்லிவிடுங்கள். அவர்களும் ஆள் தேடுகிறார்கள், அதே மேனேஜர் அடுத்த வருஷம் வேறு கிளப்பில் இருப்பார்.

இப்போது பார்க்கும் பள்ளி, கல்லூரி வேலையை என்ன செய்வது என்பது இந்தப் பக்கத்துக் கோச்சுகளுக்குப் பெரிய கேள்வி. அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் என்றால் துறை அனுமதி இல்லாமல் இன்னொரு இடத்தில் சம்பளம் வாங்க முடியாது. தனியார் கல்லூரி என்றால் சம்பளமில்லா விடுப்பு ஒரு வருஷத்துக்குக் கேட்டுப் பாருங்கள், கேட்கும்போதே உங்கள் இடத்தில் டீமைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். "போயிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். விடுப்பு உத்தரவு கையில் வந்த பிறகு கிளப்பின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.